பிளெஸ்கில் சர்வீஸ் பிளான், சப்ஸ்கிரிப்ஷன்: பூட்டு விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வாடிக்கையாளரை 2 ஜிபி பிளானிலிருந்து 10 ஜிபி பிளானுக்கு மாற்றிவிட்டீர்கள். பேனலில் புதுப் பிளானின் பெயர் தெரிகிறது, ஆனால் இடம் இன்னும் 2 ஜிபிதான். பிளெஸ்க் அப்சிடியனில் (ஹோஸ்டிங் சர்வரை நிர்வகிக்கும் பேனல்) இப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த சப்ஸ்கிரிப்ஷன் (ஒரு பிளானின்படி வாடிக்கையாளருக்கு ஒதுக்கிய இடமும் வசதிகளும்) ‘லாக்டு’, அதாவது பிளானின் மாற்றங்களை ஏற்காத பூட்டிய நிலையில் இருக்கிறதா என்பதை. இந்தப் பூட்டு எப்படி விழுகிறது, அதைப் பாதுகாப்பாக எப்படி எடுப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவில் அதிக இடம். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இடப்பக்க மெனுவில் ‘சர்வீஸ் பிளான்ஸ்’ இல்லையென்றால் நீங்கள் பவர் யூசர் வியூவில் இருக்கலாம். ‘சேஞ்ச் வியூ’ மூலம் சர்வீஸ் புரொவைடர் வியூவுக்கு மாறுங்கள். வெப் அட்மின் லைசென்ஸில் இந்த வசதியே கிடையாது. வெப் புரோ அல்லது வெப் ஹோஸ்ட் வேண்டும். ரீசெல்லர் (உங்களிடம் வாங்கி மறுவிற்பனை செய்பவர்) கணக்குகளும் தேவை என்றால் வெப் ஹோஸ்ட்தான்.

1. பிளான் போடுவது

சர்வீஸ் பிளான்ஸ் → ஹோஸ்டிங் பிளான்ஸ் → ஆட் எ பிளான். பெயரிலேயே அளவைச் சேர்த்து ‘வெப்-5ஜிபி’ என்பதுபோல வையுங்கள். ‘சில்வர்’, ‘கோல்டு’ என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எவ்வளவு என்று உங்களுக்கே நினைவிருக்காது.

ரிசோர்ஸஸ் டேபில் கவனிக்க வேண்டியது ஓவர்யூஸ் பாலிசி. மிகுபயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று வைத்தால், டிஸ்க் அல்லது டிராஃபிக் வரம்பு தாண்டியதும் சப்ஸ்கிரிப்ஷன் சஸ்பெண்ட் ஆகும். இணையதளத்தோடு மெயிலும் நின்றுவிடும். சிறு வணிகர்களின் தளங்களுக்கு டிஸ்க், டிராஃபிக் இரண்டிலும் மிகுபயன்பாட்டை அனுமதித்து, வரம்பை எட்டினால் மெயில் அறிவிப்பு வரும்படி வைப்பதையே பரிந்துரைப்பேன். 200 எம்பி கூடிப்போனதற்காக ஒருவரின் கடை மெயிலை நிறுத்துவது நியாயமில்லை.

டிஸ்க் ஸ்பேஸும் ஹார்டு டிஸ்க் கோட்டாவும் ஒன்றல்ல. டிஸ்க் ஸ்பேஸ் என்பது நாளுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் அளவு. அதனால் இப்போது கோப்புகளை அழித்தால் எண் உடனே குறையாது. ஹார்டு டிஸ்க் கோட்டா ஹோஸ்டிங் பாராமீட்டர்ஸ் டேபில் இருக்கிறது. அது ஃபைல் சிஸ்டமே போடும் தடை; எட்டிய நொடியில் எழுதுவது நின்றுவிடும், வேர்ட்பிரஸ் படம் ஏற்ற மறுக்கும். தேவை தெரியாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

2. ஆட்-ஆன் பிளான்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், பூட்டுப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ஒருவருக்கு மட்டும் கூடுதலாக 5 ஜிபி வேண்டுமென்றால் ஹோஸ்டிங் பிளான்ஸ் பக்கத்தில் ‘ஆட் அன் ஆட்-ஆன்’ அழுத்தி, டிஸ்க் ஸ்பேஸில் மட்டும் 5 ஜிபி போட்டு, மற்ற எண்களை 0 ஆக விட்டு, ‘கூடுதல்-5ஜிபி’ என்று சேமியுங்கள். ஆட்-ஆனில் இருப்பது மூலப் பிளானோடு கூடும். குறைப்பதற்கு அதைப் பயன்படுத்த முடியாது. பிளான் எதிலும் சேராத கஸ்டம் சப்ஸ்கிரிப்ஷனுக்கு ஆட்-ஆன் பொருத்தவும் முடியாது.

3. சப்ஸ்கிரிப்ஷன் தொடங்குவது

சப்ஸ்கிரிப்ஷன்ஸ் → ஆட் சப்ஸ்கிரிப்ஷன். டொமைன், யூசர் பெயர், பாஸ்வேர்டு, பிளான், ஆட்-ஆன் ஆகியவற்றைக் கொடுங்கள். படிவத்தின் கடைசியில், உருவாக்கியதும் அளவுகளைத் தனியாகத் திருத்தப் போவதாக ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைத் தொடாதீர்கள். டிக் செய்து, அடுத்து வரும் பக்கத்தில் அளவுகளைத் திருத்திச் சேமித்தால் சப்ஸ்கிரிப்ஷனுக்குத் தொடக்கத்திலேயே பூட்டு விழுந்துவிடும்.

ஒரு சப்ஸ்கிரிப்ஷனுக்கு ஒரே சிஸ்டம் யூசர்தான் (சர்வரில் கோப்புகளுக்கு உரிமையுள்ள கணக்கு). ஒருவரின் நான்கு தளங்களை ஒரே சப்ஸ்கிரிப்ஷனில் போட்டால், ஒரு தளத்தில் புகுந்தவன் மற்ற மூன்றின் கோப்புகளையும் தொட முடியும். வெவ்வேறு ஆட்களின் தளங்களை ஒருபோதும் ஒன்றாகப் போடாதீர்கள்.

4. பூட்டும் அதை எடுப்பதும்

சப்ஸ்கிரிப்ஷனுக்குள் போய் ‘கஸ்டமைஸ்’ அழுத்தி ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சேமித்தாலும் அது லாக்டு ஆகிவிடும். நீங்கள் கையால் கொடுத்ததைப் பிளான் அழித்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. ஆனால் அதற்குப் பிறகு பிளானில் செய்யும் எந்தத் திருத்தமும் அந்த சப்ஸ்கிரிப்ஷனுக்குப் போகாது. ‘சேஞ்ச் பிளான்’ கொடுத்தாலும் எந்தப் பிளானோடு சேர்ந்தது என்ற பெயர்தான் மாறும், உள்ளே இருக்கும் அளவுகள் அப்படியே இருக்கும். தொடக்கத்தில் சொன்ன 2 ஜிபி கதை இதுதான்.

‘அன்லாக் அண்ட் சிங்க்’ பொத்தானைக் கண்டதும் அழுத்திவிட வேண்டாம். அது கையால் கொடுத்த எல்லா அளவுகளையும் துடைத்துவிட்டு, பிளானில் உள்ளதை எழுதும். இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் கஸ்டமைஸ் பக்கத்தைத் திறந்து, பிளானிலிருந்து எது வேறுபடுகிறது என்று டேப் டேபாகக் குறித்துக்கொள்ளுங்கள்: டிஸ்க், மெயில்பாக்ஸ் எண்ணிக்கை, டேட்டாபேஸ் எண்ணிக்கை, பெர்மிஷன்கள், பிஎச்பி பதிப்பு, மெமரி லிமிட். எதையும் சேமிக்காமல் வெளியே வாருங்கள். பிறகு அந்த வேறுபாட்டுக்கு ஆட்-ஆன் உருவாக்கி, ‘சேஞ்ச் பிளான்’ பக்கத்தில் பொருத்துங்கள். பூட்டு இருப்பதால் இந்தக் கட்டத்தில் எதுவும் மாறாது, அது சரிதான். இப்போது அன்லாக் அண்ட் சிங்க். முடிந்ததும் தளத்தைத் திறந்து பாருங்கள்.

முக்கியமாக பிஎச்பி பதிப்பைப் பாருங்கள். பிளானில் 8.3 இருந்து, பழைய தளம் 7.4இல் ஓடிக்கொண்டிருந்தால், சிங்க் ஆன கையோடு வெள்ளைத் திரை வரலாம். பிளானிலேயே சரியான பதிப்பை முன்கூட்டி வைத்துவிட்டால் இந்தப் பதற்றம் இல்லை.

5. ‘அன்சிங்க்டு’ என்று வந்தால்

இது பூட்டு அல்ல. பிளான் தருவதாகச் சொல்லும் ஒன்று சர்வரில் இல்லை என்று பொருள். நீக்கிவிட்ட பிஎச்பி ஹேண்ட்லர் (தளத்தின் பிஎச்பி கோடை இயக்கும் பகுதி) ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று அந்தக் கூறை நிறுவுங்கள், இல்லையேல் பிளானிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சிங்க் கொடுங்கள்.

6. சிறிய பிளானுக்கு இறக்கும்போது

முதலில் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் இப்போதைய பயன்பாட்டைப் பாருங்கள். 20 மெயில்பாக்ஸ் வைத்திருப்பவரை 10 உள்ள பிளானுக்கு மாற்றினால் பழைய பெட்டிகள் அழியாது, புதிது உருவாக்க மட்டும் முடியாது. டிஸ்க் அப்படியல்ல: மிகுபயன்பாட்டுக்கு அனுமதி இல்லாத பிளான் என்றால் தளம் சஸ்பெண்ட் ஆகும். இடத்தைத் தின்பது பல நேரம் பழைய பேக்கப் கோப்புகளாகவே இருக்கும். சர்வர் செட்டிங்ஸில் பேக்கப்பையும் டிஸ்க் கணக்கில் சேர்க்கும்படி டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: பூட்டும் இல்லை, அன்சிங்க்டும் இல்லை, ஆனாலும் பிளானில் மாற்றிய பிஎச்பி அமைப்பு தளத்துக்குப் போகவில்லை என்றால் பெர்மிஷன்ஸ் டேபைப் பாருங்கள். பிஎச்பி அமைப்புகளை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தால், பிளெஸ்க் அந்தப் பகுதியை சிங்க் செய்யாது. செய்தால் ஒவ்வொரு முறையும் அவர் வைத்தது அழிந்துவிடும். டிஎன்எஸ், ஹோஸ்டிங் அமைப்புகளுக்கும் இதே விதி. ஆகவே அனுமதியை எடுத்துவிட்டு ‘அப்டேட் அண்ட் சிங்க்’ கொடுங்கள், அல்லது அந்தத் தளத்தில் மட்டும் நேரடியாக மாற்றுங்கள்.

பழைய பிளானை நீக்க முடியவில்லை என்றால் ஏதோ ஒரு சப்ஸ்கிரிப்ஷன் இன்னும் அதில் இருக்கிறது. சஸ்பெண்ட் ஆனவையும் அந்தக் கணக்கில் வரும் என்பதால் அவற்றையும் வேறு பிளானுக்கு நகர்த்திவிட்டு நீக்குங்கள்.