'கான்ட்ராஸ்ட் போதாது' என்று சொல்வதற்கு முன்

சில மாதங்களாக, புதிதாகக் கேமரா பிடித்தவர்கள் ஒருவர் எடுத்த படத்தை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்லும் கூட்டங்களில் ஓரமாகப் போய் உட்கார்ந்து வருகிறேன். பல வருடத்துக்கு முன்னால் நான் உளறியதையெல்லாம் அவர்கள் வார்த்தை மாறாமல் உளறுகிறார்கள். நான் அன்றைக்கு முகம் சுருங்கிய இடத்திலேயே அவர்களுக்கும் சுருங்குகிறது. மரியாதையாகப் பேசுங்கள், எடுத்தவரை விட்டுவிட்டுப் படத்தைப் பேசுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கருப்பு வெள்ளைப் படங்களில் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

படம் பேசுவதற்குள் நீங்கள் பேசிவிடுவது

ஒரு முதியவரின் முகத்தை எடுத்துவிட்டு, படத்தை மேசையில் வைத்த கையோடு, அவர் எப்படித் தனியாக இருக்கிறார், ஷட்டரை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் எப்படிக் கண் கலங்கினார் என்று ஐந்து நிமிடம் சொன்னேன். எல்லோரும் உருகிப் போனார்கள். முகத்துக்குப் பின்னால் ஜன்னல் வெள்ளைத் துண்டாக வெந்து கிடந்ததையும், கண் முகத்தில் நிற்காமல் அந்த ஜன்னலுக்கே ஓடியதையும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி கதையால் அவர்கள் வாயை நானே அடைத்துவிட்டேன். முதலில் பேசாமல் வையுங்கள். அவர்கள் பார்த்ததைச் சொல்லி முடிக்கட்டும், கதை அப்புறம்.

'கான்ட்ராஸ்ட் போதாது'

கான்ட்ராஸ்ட் என்றால் படத்தின் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள இடைவெளி. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் வாக்கியம் இது. காரணம், இதைச் சொல்லி ஒரு நல்ல படத்தைக் கெடுத்தவன் நான்.

ஓர் இளைஞர் சின்ன பிரிண்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். மூடுபனி, ஏரி, ஒரு படகு, அவ்வளவுதான். வெளிறிய சாம்பலில் தொடங்கி நடுச் சாம்பலில் முடிந்துவிடும் படம், முழுக்கருப்பு எங்கேயும் கிடையாது. நான் நான்கு நொடி பார்த்திருப்பேன். "கான்ட்ராஸ்ட் போதாது, படகு கருப்பாகவே இல்லையே" என்று படகைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். கருப்பு வெள்ளை என்றால் ஓரிடத்தில் முழுக்கருப்பும் ஓரிடத்தில் முழுவெள்ளையும் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கோ படித்து மனப்பாடம் செய்திருந்த காலம் அது. அடுத்த வாரம் வந்தார். "சார், நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன்." பார்த்தால் பனியைக் காணோம். படகு கத்தரித்து ஒட்டியது போல் இருந்தது, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். அவர் கையில் இருந்தது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் இல்லை, சுருக்கிச் சேமித்த ஜேபெக். அதில் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள்தான் உண்டு. அதிலும் அந்தப் பனிப்படம் பயன்படுத்தியது கொஞ்சம் படிகளை மட்டும், அவற்றைப் பிடித்து இழுத்தால் நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். சரி, பழையதைத் திறங்கள் என்றேன். அதன் மேலேயே சேமித்துவிட்டேன் என்றார்.

சேமித்தது அவர் தவறு என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. எனக்கு என்ன தெரிகிறது என்பதைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்ததுதான் தவறு. 'படகை உடனே கண்டுபிடிக்க முடியவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டுமா?' என்று கேட்டிருந்தால் போதும். ஆமாம் சார், அது பனிக்குள் கரைய வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பார், நானும் வாயை மூடியிருப்பேன்.

சரியான கான்ட்ராஸ்ட் என்று வெளியே எங்கும் ஓர் அளவுகோல் கிடையாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ், கருப்பிலிருந்து வெள்ளை வரை சுழியம் முதல் பத்து வரை மண்டலம் பிரித்து வைத்த மனிதர். அவரே 1941இல் எடுத்த நிலவெழும் ஹெர்னாண்டஸ் கிராமத்துப் படத்தின் ஒரே நெகட்டிவை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானம் சாம்பல், பிந்தியவற்றில் ஏறக்குறைய முழுக்கருப்பு. பிரிட்டிஷ் புகைப்படக்காரர் பில் பிராண்ட்டும் தன் பழைய படங்களைப் பிற்காலத்தில் நடுச் சாம்பலே மிஞ்சாத அளவுக்கு முரட்டுத்தனமாக மறுபடி பிரிண்ட் செய்தார். எடுத்தவரே மனம் மாற்றிக்கொள்ளும் ஒன்றை, நான்கு நொடி பார்த்தவர் தீர்ப்பாகச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று. கான்ட்ராஸ்ட் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து புகார்கள் ஒளிந்திருக்கின்றன. நிழல் சாம்பலாக வெளுத்திருக்கலாம், வெளிச்சம் தட்டையாக விழுந்திருக்கலாம், முகமும் சுவரும் ஒரே சாம்பலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் பெரும்பாலும் உதவாது. சிவப்புப் பூவும் பச்சை இலையும் கலரில் அடித்துப் பிடித்து நிற்கும். நிறத்தை எடுக்கும்போது வழக்கமாகப் பயன்படும் ஒரு கணக்கில் சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் பங்கு. அந்தக் கணக்குப்படி, 0 முதல் 255 வரை போகும் அளவில், 255 அளவுள்ள தனிச்சிவப்பு 76 என்ற சாம்பலாகும், 128 அளவுள்ள தனிப்பச்சை 75 ஆகும். பூ காணாமல் போயிற்று. 75ஐயும் 76ஐயும் ஸ்லைடரால் எவ்வளவு இழுத்தாலும் பிரியாது, மாற்றும்போதே சிவப்பையும் பச்சையையும் தனித்தனியாக ஏற்றி இறக்க வேண்டும். ஃபிலிம்காரர்கள் இதற்குத்தான் லென்ஸின் முன்னால் வண்ண ஃபில்டர் மாட்டினார்கள். ஆகவே 'பூவும் இலையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன' என்று சொல்லுங்கள், எடுத்தவருக்கு வழி புரியும். 'கான்ட்ராஸ்ட் ஏற்று' என்றால் அவர் ஏற்றுவார், பூ அப்படியே காணாமல்தான் இருக்கும், கூடவே நிழலும் செத்துப்போகும்.

'கருப்பு வெள்ளை என்றாலே ஒரு ஆழம்!'

நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை என்று இதிலேயே தெரிந்துவிடும்.

கிரெயின் கண்டால் பதறுவது

கிரெயின் என்றால் படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள். அவை கொட்டிக் கிடக்கும் ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமாவின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

வெயிலில் நின்று ஃபோனில் பார்த்து நிழலுக்குத் தீர்ப்பு

வெளிச்சத்தில் நின்று பார்த்தால் எந்தப் படத்திலும் நிழல் அடைத்துத்தான் தெரியும். இருட்டறையில் ஃபோனின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பார்த்தால் அதே நிழலில் செங்கல்லைக்கூட எண்ணலாம். நண்பர் ஒருவர் இரவெல்லாம் பிரகாசமான திரையில் பார்த்துப் பார்த்து டோன் சரிசெய்தார். பிரிண்ட் ஒரு மடங்கு இருட்டாக வந்து நின்றது. காகிதத்துக்குப் பின்னால் விளக்கு கிடையாதே. நிழல், ஹைலைட் (வெளிச்சமான பகுதி) பற்றிப் பேசுவதாக இருந்தால், படத்தில் எந்தச் சாம்பல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை ஒரு முறை திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் எந்தத் திரையில் பார்த்தீர்கள் என்பதையாவது சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லோர் சொன்னதையும் செய்துவிடுவது

கருத்து வாங்கப் போகிறவர் செய்வது இது. ஒருவர் இடப்பக்கம் வெட்டு என்பார், இன்னொருவர் அந்த மூலையை இருட்டாக்கு என்பார், மூன்றாமவர் மூலையில் இருக்கும் வெள்ளைச் சட்டையை அழித்துவிடு என்பார். மூவரும் சண்டை போடுவது போலத் தோன்றும். ஆனால் மூன்று பேர் கண்ணும் அந்த ஒரே மூலையில் போய் மாட்டியிருக்கிறது, அதுதான் செய்தி. அதை என்ன செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், உடனே வேண்டாம், இரண்டு நாள் கழித்து. தொடுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டை விரலால் தொட்டுக் காட்டுவது

அந்தப் பனிப்படத்தில் மிஞ்சியது முதல் நாள் கொண்டுவந்த சின்ன பிரிண்ட் மட்டும்தான். அதிலும் படகின் மேல் என் விரல் ரேகை இருக்கிறது.