பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலைப் பட்டம்) சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு: பென்சில் சீவுவதிலிருந்து கடைசி வருட டிஸ்ப்ளே வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள், "அண்ணா, எனக்கு நல்லா வரைய வரும், ஃபைன் ஆர்ட்ஸ் சேரலாமா?" என்று. கூடவே போனில் நாலு படம் காட்டுவார்கள். பெரும்பாலும் நடிகர் முகம். போட்டோ மேல் கட்டம் போட்டு, பட்ஸ் வைத்துத் தேய்த்து, வழவழவென்று ஷேடிங் செய்தது. உழைப்பு தெரியும், பொறுமை தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே பிள்ளையின் எதிரில் ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்து வரையச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், அடி காற்றில் நிற்கும். நுழைவுத் தேர்வில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போட்டோவை மூடி வையுங்கள், எதிரில் இருப்பதைப் பார்த்து வரையுங்கள். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எங்கே சேர்வது? தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சென்னை பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கியது. முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி, மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருக்கு அப்புறம் கே.சி.எஸ். பணிக்கர். தனபால், சந்தானராஜ், முனுசாமி, ஆதிமூலம், ட்ராட்ஸ்கி மருது எல்லாரும் இந்த வளாகத்தின் மரத்தடிகளில் உட்கார்ந்து வரைந்தவர்கள்தான். நடிகர் சிவகுமார்கூட இங்கே ஓவியம் படித்தவர். இன்னொன்று கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் (விளம்பரம், வடிவமைப்பு மாதிரி வேலைகளுக்கானது) இரண்டு இடத்திலும் உண்டு, டெக்ஸ்டைல், செராமிக் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் வர வேண்டும். கோயில் மரபுச் சிற்பம் கற்க ஆசை என்றால் அதற்கு மாமல்லபுரத்தில் தனிக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.ஏ. நான்கு வருடம், அதற்கு மேல் முதுகலையான எம்.எஃப்.ஏ. இரண்டு வருடம். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வயது வரம்பு, தேதி, தேர்வு முறை எல்லாவற்றையும் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள், சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

வெளியூர் போக வீட்டில் சம்மதம் என்றால் புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடம், பெங்களூரு சித்ரகலா பரிஷத், குஜராத்தின் பரோடா, வங்காளத்தின் சாந்திநிகேதன் என்று வாசல்கள் நிறைய. பரோடாவின் கவின்கலைத் துறை 1950ல் தொடங்கியது, சாந்திநிகேதனின் கலா பவன் 1919ல். பின்னாளில் பரோடாவில் பெரிய ஆசிரியராக விளங்கிய கே.ஜி. சுப்ரமணியன் முதலில் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், 1944ல்தான் கலா பவனில் போய்ச் சேர்ந்தார். ஒரு டிகிரி முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, தேர்வுக்குத் தயாராவது. குறைந்தது ஆறு மாதம் வேண்டும். கையில் அடங்கும் ஒரு ஸ்கெட்ச் புக், 2பி, 4பி, 6பி பென்சில் (எண் கூடக் கூட மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும்), ஒரு பிளேடு, இவ்வளவு போதும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் வாங்கி, மடித்து, தைத்து, ஸ்கெட்ச் புக்கை நீங்களே செய்துகொள்ளுங்கள். விலை உயர்ந்த புத்தகத்தில் கை பயப்படும், மட்டமான தாளில் தாராளமாக ஓடும். பென்சிலை ஷார்ப்னரில் சீவாமல் பிளேடால் சீவி, ஊசி அரை அங்குலமாவது வெளியே நீளும்படி வையுங்கள். அப்போதுதான் படுக்கவைத்து அகலமாகவும் இழுக்கலாம், நுனியால் மெல்லிசாகவும் இழுக்கலாம். மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் தோளிலிருந்து கோடு வர வேண்டும். முதல் ஒரு வாரம் கை வலிக்கும்.

தினமும் இருபது ஸ்கெட்ச், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம். பஸ் ஸ்டாண்ட், டீக்கடை, ரேஷன் கடை வரிசை, மார்க்கெட். நகர்ந்துகொண்டே இருப்பவர்களை வரையும்போது மூக்கு முழியை எல்லாம் விட்டுவிட்டு, உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது, முதுகு எங்கே வளைகிறது, மூட்டையைத் தூக்கும்போது எந்தத் தோள் இறங்குகிறது என்பதை மட்டும் பிடியுங்கள், பாதியில் ஆள் எழுந்து போனாலும் பரவாயில்லை, அடுத்த ஆள் வருவார். யாராவது கவனித்துவிட்டால் புத்தகத்தை மூடாதீர்கள், காட்டுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் சிரித்துவிட்டு "இன்னொன்னு போடு தம்பி" என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் உரிமை.

வாரத்துக்கு ஒரு நாள் நிதானமாக ஸ்டில் லைஃப், அதாவது அசையாத பொருட்களை அடுக்கி வைத்து வரைவது. வீட்டிலிருக்கும் குடம், சொம்பு, முறம், வாழைப்பழச் சீப்பு, பின்னால் மடிப்பு விழுந்த ஒரு வேட்டி. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும், ஜன்னல் ஓரம் நல்லது. கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே அளவு எடுங்கள். குடத்தின் உயரத்தில் சொம்பு எத்தனை பங்கு என்று முதலில் முடிவு செய்த பிறகே கோடு போடுங்கள். குடத்தின் வாய் உங்கள் கண்மட்டத்துக்கு அருகில் இருந்தால் ஒடுங்கிய வட்டம், கீழே இறங்க இறங்க அகன்ற வட்டம். அடிப்பகுதியை நேர்க்கோடாக இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு, மேல் வாயைவிட அடியின் வளைவு அதிகமாகத்தான் இருக்கும். இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே தெரியும் காலி இடத்துக்கும் ஒரு வடிவம் இருக்கிறது, அதையும் வரைந்து பாருங்கள், தப்பு உடனே கண்ணில் படும்.

போட்டோவிலிருந்து வரைவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. கேமரா ஒற்றைக் கண்ணால் பார்த்து, எதை விடுவது, எதைத் தட்டையாக்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்து கொடுத்துவிடுகிறது. நீங்கள் அந்த முடிவைப் பிரதி எடுக்கிறீர்கள். நேரில் பார்க்கும்போது அந்த வேலை முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. கல்லூரியில் நான்கு வருடமும் பழக்கப்போவது அந்த வேலையைத்தான்.

கம்போசிஷன் கேள்வி, அதாவது தலைப்பு கொடுத்து மனதிலிருந்து காட்சி அமைக்கச் சொல்வது, வந்தால், சந்தை, திருவிழா, பேருந்து நிலையம் மாதிரி ஒரு தலைப்பு கொடுத்தால், உடனே தாளில் பாயாதீர்கள். ஓரத்தில் தீப்பெட்டி அளவில் மூன்று சின்னப் படம் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். முழுச் சந்தையையும் வரைய நினைப்பவர் நாற்பது எறும்புகளை வரைந்து வைப்பார். பூ முழம் போடும் ஒரு கையை முன்னால் பெரிசாக வைத்து, கூட்டத்தைப் பின்னால் சின்னதாக விட்டால் அதே சந்தை வேறு மாதிரி எழுந்து நிற்கும். தெருவில் போட்ட ஸ்கெட்ச்கள் இங்கேதான் கை கொடுக்கும், ஏனென்றால் தேர்வு அறையில் பூக்காரம்மா வந்து உட்காரப்போவதில்லை.

போர்ட்ஃபோலியோ, அதாவது இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்டால் பதினைந்து, இருபது வேலைகள் போதும். நேரில் பார்த்து வரைந்ததே பாதிக்கு மேல் இருக்கட்டும். ஸ்கெட்ச் புக்கையும் அப்படியே கொண்டு போங்கள், அழித்துச் சுத்தம் செய்யாமல்.

சேர்ந்த பிறகு? முதல் வருடம் எங்கே சேர்ந்தாலும் அடிப்படைப் பயிற்சிகள்தான், பலருக்கு ஆறு மாதத்தில் சலித்துவிடும். எனக்கும் சலித்தது. நான் முதல் வருடம் பாதி நாள் கேன்டீனிலேயே இருந்தேன், மூன்றாம் வருடம் லைஃப் ஸ்டடியில், எதிரில் உட்காரும் மாடலைப் பார்த்து வரையும் வகுப்பில், அந்த மாடலின் இடுப்புக்கும் காலுக்கும் இருக்கும் இணைப்பு வராமல் திணறியபோதுதான் எதைத் தொலைத்தேன் என்று புரிந்தது. அந்த வருடத்தை விடாதீர்கள். காலையில் ஸ்டூடியோ காலியாக இருக்கும், அப்போதே போய்விடுங்கள். நல்ல ஈஸல், நல்ல இடம், நல்ல வெளிச்சம் மூன்றும் முதலில் வருபவருக்குத்தான். சீனியர்கள் வேலை செய்யும் இடத்தில் சும்மா போய் நில்லுங்கள், பலகை பிடியுங்கள், மண் பிசைந்து கொடுங்கள். நான் கற்றதில் பாதி அப்படி வந்தது.

எந்தப் பிரிவு என்பதில் அவசரம் வேண்டாம். சிற்பம் எடுத்தால் உடம்பு உழைக்க வேண்டும், பொருள் செலவும் இட நெருக்கடியும் உண்டு, ஆனால் ஒரு முறை களிமண்ணில் தலை செய்தவரின் கோட்டில் கனம் வந்துவிடும். விஷுவல் கம்யூனிகேஷன் எடுத்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பது ஓரளவு உண்மை. அதற்காகவே எடுத்துவிட்டு, ஓவியப் பிரிவு ஜன்னலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நான்கு வருடம் கழித்த நண்பர்களும் எனக்கு உண்டு.

ஆயில் பெயிண்டிங்குக்கு முதலில் டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், ஒரு சிவப்பு, ஒரு லெமன் யெல்லோ, அவ்வளவுதான். கறுப்பு வாங்காதீர்கள், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தாலே உயிருள்ள ஒரு கறுப்பு வரும். கீழ்ப் பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும், மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, அடியில் இருப்பது மெதுவாகக் காயும்போது வெடிப்பு விடும்.

பாதுகாப்பைப் பற்றி வகுப்பில் சொல்வது குறைவு, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஆயில் பெயிண்டில் கலக்கும் லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பெயிண்ட் கரைக்கும் டர்பெண்டைனை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் அறையின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். கல் செதுக்கும்போது நல்ல மாஸ்க் கட்டாயம், துண்டு கட்டினால் போதாது, கல்தூசி நுரையீரலில் போனால் திரும்பி வராது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சுடும், விளையாட்டுக்குக்கூடக் கையை முழுசாக அதற்குள் விட்டு அச்சு எடுக்காதீர்கள்.

பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். சென்னையில் இருந்துகொண்டு எழும்பூர் மியூசியம் போகாதவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார், அமராவதிச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒரே சிலையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று முறை வரைந்து பாருங்கள், முதுகை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். கும்பகோணத்தில் படிப்பவர்களுக்கு சிற்பங்கள் நிறைந்த தாராசுரம் கோயில் பக்கத்திலேயே, சுவாமிமலையும் அப்படித்தான். மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றும் ஸ்தபதிகளின் பட்டறையில் ஒரு முழு நாள் உட்கார அனுமதி கேளுங்கள்.

கலை வரலாறு பேப்பர் தமிழ் வழியில் படித்து வந்தவர்களைப் பயமுறுத்தும், புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். ஒரு சின்ன நோட்டில் சொல்லையும் அதன் பக்கத்தில் ஒரு குட்டிப் படத்தையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், படத்தோடு சேர்ந்த சொல் மறக்காது. உங்கள் வேலையைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் தமிழில் எழுதிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுதினால் யாரோ சொன்ன சொற்கள்தான் வரும்.

பணம். வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான், கேட்பதில் தவறும் இல்லை. 1966ல் பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் வாழ்க்கைக்கும் பணம் சேர்த்தார்கள். ஆதிமூலம் தன் ஓவியங்களோடு பத்திரிகைகளுக்குக் கோட்டோவியமும் எழுத்துருவும் செய்தார். நீங்களும் படிக்கும்போதே சுவர் ஓவியம், புத்தக அட்டை, குழந்தைகளுக்கு வகுப்பு, சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட் என்று ஏதாவது ஒன்றில் கையை நனைத்து வையுங்கள், ஆனால் பாதி முன்பணம் வாங்காமல் எதையும் தொடங்காதீர்கள். ஒரு ஹோட்டல் சுவரை பத்து நாள் வரைந்துவிட்டு கூலி வராமல், குடித்த ஒரு காப்பியோடு நான் திரும்பி வந்திருக்கிறேன். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு ஒரு உதவித்தொகை தருகிறது, அதற்கு விண்ணப்பியுங்கள். கொச்சியில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான பினாலேயின் மாணவர் பிரிவு, ஸ்டூடன்ட்ஸ் பினாலேவுக்கும் ஒரு கண் வைத்திருங்கள்.

படிப்பு முடியும்போது வைக்கும் கண்காட்சியான கடைசி வருட டிஸ்ப்ளேவுக்கு நாலு பெரிய வேலையை அவசரமாக முடிப்பதைவிட, இரண்டாம் வருடத்திலிருந்தே ஒரு விஷயத்தைத் தொடர்ந்து வரைந்து வந்திருந்தால் சுவர் தானாக நிரம்பும். உங்கள் தெரு, அம்மாவின் தையல் மெஷின், ஊர்க் குளம், எது விடாமல் இழுக்கிறதோ அது. ஒவ்வொரு வேலையும் முடிந்தவுடன் காலை நேரத்து நிழல் வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று போட்டோ எடுத்து, அளவு, ஊடகம், வருடம் மூன்றையும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். ஊருக்குக் கொண்டு போக கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டும்போது வர்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் பெயிண்ட் நசுங்கி, அப்புறம் விரிக்கும்போது வெடித்துவிடும்.