லிங்கன்ஷயரின் பழைய நிர்வாகப் பிரிவுகளில் ஓர் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லிங்கன்ஷயர், பழைய கவுண்டிகளில் யார்க்‌ஷயருக்கு அடுத்தபடியாகப் பெரியது. பெரும்பகுதி வயல்வெளியும் வடிகால் வெட்டிய சதுப்பு நிலமும்தான். இங்குள்ள ஒரு கிராமத்தின் பழைய வரிப் பட்டியலையோ பிறப்புப் பதிவையோ தேடுகிறவர்கள், கவுண்டிக்குக் கீழே ஒரே ஏணி இறங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இருந்தவை நான்கு ஏணிகள்: நீதிக்கும் வரிக்கும் ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, ஏழை நிவாரணத்துக்கு ஒன்று, 1889க்குப் பிறகு வந்த மன்றங்களுக்கு ஒன்று. ஒரே ஊர் நான்கிலும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு பெயர்களுக்குக் கீழே. ஒன்றின் பெயரை இன்னொன்றில் தேடினால் எதுவும் கிடைக்காது.

எடுத்துக்காட்டாக ஹெக்கிங்டன் என்ற கிராமத்தை வைத்துக்கொள்வோம். சிக்கல் இல்லாத ஊர். சிக்கலான இரண்டு ஊர்களைப் பின்னால் பார்க்கலாம்.

படி 1: முதலில் ஆண்டு

ஊர்ப்பெயரைத் தொடுவதற்கு முன், கையில் உள்ள ஆவணம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் தேட வேண்டும் என்பதை ஆண்டுதான் முடிவு செய்கிறது. 1662 முதல் 1689 வரை வசூலான அடுப்பு வரியும், 1780க்கும் 1832க்கும் இடைப்பட்ட நிலவரிப் பட்டியல்களும் வாப்பன்டேக் (பல ஊர்களைக் கொண்ட பழைய நீதி, வரிப் பிரிவு) வாரியாக இருக்கும். 1837 ஜூலை 1 முதல் தொடங்கும் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவுகள் பதிவு மாவட்டம் வாரியாக இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாற்றம் பத்தே ஆண்டுகளில் நடந்துவிட்டது. 1841 கணக்கெடுப்பின் ஏடுகள் பழைய ஹண்ட்ரட் (வேறு பகுதிகளில் வாப்பன்டேக்குக்கு இணையான பிரிவு), வாப்பன்டேக் முறையில் அடுக்கப்பட்டவை. 1851இன் ஏடுகள் பதிவு மாவட்ட முறைக்கு மாறிவிட்டன. தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டுக்கும் ஒரே வரிசைக் குறியீடு (எச்.ஓ. 107) இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் இரண்டும் ஒரே அடுக்கு என்று எண்ணிவிடுகிறார்கள்.

படி 2: பாரிஷை உறுதி செய்யுங்கள்

எல்லா ஏணிகளுக்கும் பொதுவான கடைசிப் படி, ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப்பகுதியான பாரிஷ்தான். நீங்கள் தேடும் இடம் தனிப் பாரிஷா, அல்லது ஒரு பாரிஷுக்குள் இருந்த டவுன்ஷிப்பா என்று பாருங்கள். தனியாக ஏழை வரி வசூலித்த டவுன்ஷிப்புகள் 1866 சட்டத்தால் சிவில் பாரிஷ்கள் (நிர்வாகத்துக்கான பாரிஷ்கள்) ஆயின. அதனால் 1900இல் தனிப் பாரிஷாக நிற்கும் ஊர், 1800இல் பக்கத்து ஊரின் தேவாலயப் பதிவேட்டுக்குள் இருந்திருக்கலாம்.

இதற்குக் கைகொடுப்பது பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆறு அங்குல வரைபடம் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்). ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் சிவில் பாரிஷ் எல்லை புள்ளிக்கோடாக ஓடும். ஊர்ப்பெயர் அச்சான இடத்தை நம்பாமல் அந்தப் புள்ளிக்கோட்டைத் தொடர்ந்து செல்லுங்கள்.

சதுப்பு நிலத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஈஸ்ட்வில், மிட்வில், ஃப்ரித்வில், காரிங்டன், வெஸ்ட்வில், தார்ன்டன் லே ஃபென், லாங்க்ரிவில் ஆகிய ஏழும் நிலம் வடிக்கப்பட்ட பின் 1812இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான டவுன்ஷிப்புகள். இவற்றின் பெயரில் 1700களின் பதிவேட்டைத் தேட வேண்டாம். அப்போது அங்கே மேய்ச்சல் சதுப்புதான் இருந்தது.

படி 3: பார்ட், ரைடிங், வாப்பன்டேக்

லிங்கன்ஷயர் மூன்று 'பார்ட்'களாகப் பிரிந்திருந்தது: வடக்கே லின்ட்ஸி, தென்மேற்கே கெஸ்டீவன், தென்கிழக்கே ஹாலண்ட். மூன்றும் தனித்தனியே காலாண்டு நீதிமன்றம் நடத்தின. ஆகவே நீதிமன்ற ஏடுகளுக்குக் கவுண்டியின் பெயர் போதாது, பார்ட்டின் பெயர் கட்டாயம் வேண்டும்.

லின்ட்ஸி மட்டும் வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று ரைடிங்குகளாகப் பிரிந்தது. கிழக்கு ரைடிங் என்ற ஒன்று இங்கே இல்லை. அப்படி எழுதியிருந்தால் அது யார்க்‌ஷயரைச் சேர்ந்தது. கெஸ்டீவனிலும் ஹாலண்டிலும் ரைடிங் கிடையாது, நேரே வாப்பன்டேக்குக்கு இறங்கிவிடலாம்.

தெற்கு இங்கிலாந்தில் ஹண்ட்ரட் செய்த வேலையை, டேனியர் (டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள்) குடியேறிய இந்தப் பகுதியில் வாப்பன்டேக் செய்தது. ஹாலண்டில் மூன்றே மூன்று: எல்லோ, கர்ட்டன், ஸ்கர்பெக். கெஸ்டீவனில் ஆஸ்வர்ட்ஹர்ன், ஏவ்லண்ட், பெல்டிஸ்லோ, பூத்பி கிராஃபோ, ஃப்ளாக்ஸ்வெல், லாங்கோ, லவ்டன், நெஸ், வின்னிபிரிக்ஸ் அண்ட் த்ரியோ. இவற்றோடு கிரந்தம் சோக். லின்ட்ஸியின் பட்டியல் நீளமானது. அதில் ஹார்ன்காசில், போலிங்புரூக் ஆகிய இரண்டு சோக்குகளும் ஹில் போன்ற ஹண்ட்ரடுகளும் உண்டு. சோக் என்பது ஒரு பெரிய மேனரின் (பிரபுவின் நிலப்பண்ணையின்) நீதி அதிகாரத்துக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதி. ஆவணத்தில் வாப்பன்டேக் வர வேண்டிய இடத்தில் சோக் வந்தால் அது பிழையல்ல, அதே படிநிலைதான்.

ஹெக்கிங்டன் கெஸ்டீவனில், ஆஸ்வர்ட்ஹர்ன் வாப்பன்டேக்கில் இருக்கிறது.

இந்தப் படியில் அடிக்கடி நேரும் பிழைகளைச் சொல்லிவிட வேண்டும். ஹாலண்டில் பாஸ்டனுக்குத் தெற்கே கர்ட்டன் என்ற ஊரும் அதே பெயரில் வாப்பன்டேக்கும் இருக்கின்றன. கர்ட்டன் இன் லின்ட்ஸி அதற்கு வெகுதூரம் வடக்கே, கோரிங்கம் வாப்பன்டேக்கில் உள்ள வேறு ஊர். எழுத்தர்கள் பின்னொட்டை விட்டுவிடுவார்கள், பக்கத்து வரிகளில் உள்ள ஊர்களைப் பார்த்துத்தான் தெளிய வேண்டும். இன்னொன்று, 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பில் லிங்கன்ஷயருக்கு வரும் 'ஹண்ட்ரட்'. அது 12 காருகேட் (உழவு நிலத்துக்கான பழைய வரி அளவு) கொண்ட சிறிய வரி அலகு, வாப்பன்டேக்குக்குள் அடங்குவது. மற்றக் கவுண்டிகளின் ஹண்ட்ரடோடு அதை ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். லிங்கன் நகரமோ 1409 முதல் தனிக் கவுண்டி உரிமை பெற்றது. பிரேஸ்பிரிட்ஜ், கான்விக் போன்ற பக்கத்து ஊர்களும் நெடுங்காலம் அந்த நகரக் கவுண்டிக்குள் இருந்தன. அவற்றைக் கெஸ்டீவன் பட்டியலில் காணாவிட்டால் காரணம் இதுதான்.

படி 4: ஏழைச் சட்ட யூனியன்

1834 சட்டத்தின்படி பாரிஷ்களைச் சந்தை நகரங்களைச் சுற்றி, ஏழை நிவாரணத்துக்கான யூனியன்களாகச் சேர்த்தார்கள். 1837இல் பதிவு மாவட்டங்களுக்கும் இந்த எல்லைகளே அடிப்படையாயின. வாப்பன்டேக் எல்லையை அவர்கள் பொருட்படுத்தவில்லை, கவுண்டி எல்லையைக்கூட மதிக்கவில்லை. சந்தைக்கு மக்கள் எங்கே போனார்களோ அந்த நகரத்தோடு ஊர் சேர்ந்தது.

ஹெக்கிங்டன் ஸ்லீஃபர்ட் யூனியனில் சேர்ந்தது, தொல்லையில்லை. கிளேபோல் அப்படியல்ல. அது கெஸ்டீவனில் லவ்டன் வாப்பன்டேக்கைச் சேர்ந்த ஊர், ஆனால் நாட்டிங்கம்ஷயரின் நியூவார்க் யூனியனில் இணைக்கப்பட்டது. ஆகவே கிளேபோலில் பிறந்த குழந்தையின் பதிவை நியூவார்க் என்ற பெயரில்தான் தேட வேண்டும். லிங்கன்ஷயர் மாவட்டங்களுக்குள் மட்டும் வடிகட்டித் தேடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். கிரிம்ஸ்பி இன்னொரு பொறி: 1890இல் தனி யூனியன் அமையும்வரை அது கேய்ஸ்டர் யூனியனுக்குள் இருந்தது.

படி 5: தேவாலயப் பிரிவுகள்

உயிலுக்கும் திருமணப் பதிவுக்கும் மட்டுமே இது வேண்டும். 1858 ஜனவரி 12க்கு முன் உயில்களைத் தேவாலய நீதிமன்றங்கள்தான் உறுதி செய்தன. லிங்கன்ஷயரில் பெரும்பாலானவை லிங்கன் மறைமாவட்டத்தின் கன்சிஸ்டரி நீதிமன்றத்தில் (பிஷப்பின் நீதிமன்றத்தில்) இருக்கும். ஆனால் மேற்கு ரைடிங்கை ஒட்டிய பகுதி ஸ்டோ ஆர்ச்டீக்கன்ரி (மறைமாவட்டத்தின் ஓர் உட்பிரிவு), அதற்குத் தனி நீதிமன்றம் உண்டு. ஆர்ச்டீக்கன்ரிக்குக் கீழே உள்ள டீனரிகளில் சிலவற்றின் பெயர் வாப்பன்டேக்கின் பெயரைப் போலவே ஒலிக்கும். மான்லி என்பது வாப்பன்டேக், மான்லேக் என்பது டீனரி. கையெழுத்தில் இரண்டும் எளிதில் மயக்கும். ஹெக்கிங்டனுக்கு டீனரி லஃபர்ட்.

படி 6: 1889க்குப் பிறகு

1889 ஏப்ரல் 1 அன்று மூன்று பார்ட்டுகளும் தனித்தனிக் கவுண்டி கவுன்சில்கள் ஆயின. லின்ட்ஸிக்கு லிங்கனிலும், கெஸ்டீவனுக்கு ஸ்லீஃபர்டிலும், ஹாலண்டுக்குப் பாஸ்டனிலும் தலைமையிடம். 1894 சட்டம் ரூரல் டிஸ்ட்ரிக்ட் (ஊரக மாவட்டம்), அர்பன் டிஸ்ட்ரிக்ட் (நகர்ப்புற மாவட்டம்) என்ற அடுக்கைச் சேர்த்தது. எல்லை தாண்டிய யூனியன்களைக் கவுண்டிக் கோட்டில் வெட்டியதால், கிளேபோல் என்ற பெயரிலேயே ஒரு ரூரல் டிஸ்ட்ரிக்ட் பிறந்து 1931 வரை நீடித்தது. 1974 ஏப்ரல் 1 அன்று மூன்று கவுன்சில்களும் கலைந்தன. வட லின்ட்ஸி புதிய ஹம்பர்சைடு கவுண்டிக்குப் போனது, மிச்சம் ஒரே லிங்கன்ஷயர் ஆனது. 1996 ஏப்ரல் 1 அன்று ஹம்பர்சைடும் கலைந்தது.

படி 7: ஆண்டு போட்டு எழுதுங்கள்

ஒரு பிரிவின் பெயரை ஆண்டு இல்லாமல் ஒருபோதும் எழுதாதீர்கள். ஹெக்கிங்டனுக்கு இப்படி அமையும்:

1665: கெஸ்டீவன், ஆஸ்வர்ட்ஹர்ன் வாப்பன்டேக்
1851: ஸ்லீஃபர்ட் பதிவு மாவட்டம்
1900: கெஸ்டீவன் கவுண்டி கவுன்சில், ஸ்லீஃபர்ட் ரூரல் டிஸ்ட்ரிக்ட்
1950: கெஸ்டீவன் கவுண்டி கவுன்சில், ஈஸ்ட் கெஸ்டீவன் ரூரல் டிஸ்ட்ரிக்ட்
1980: லிங்கன்ஷயர், நார்த் கெஸ்டீவன் மாவட்டம்

எழுதியதைச் சரிபார்க்க போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் 'விஷன் ஆஃப் பிரிட்டன்' தளம் உதவும். ஊரின் பெயரைக் கொடுத்தால் அது சேர்ந்திருந்த அலகுகளைக் காட்டும். உங்கள் வரியும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால், தவறு பெரும்பாலும் படி 2இல் இருக்கும்: பாரிஷை விட்டுவிட்டு டவுன்ஷிப்பை எடுத்திருப்பீர்கள்.

பயிற்சிக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லி 1703இல் பிறந்த எப்வொர்த்தை நீங்களே செய்து பாருங்கள். விடை இப்படி வர வேண்டும்: லின்ட்ஸியின் மேற்கு ரைடிங், மான்லி வாப்பன்டேக், உயிலுக்கு ஸ்டோ ஆர்ச்டீக்கன்ரி, 1851இல் தார்ன் பதிவு மாவட்டம், 1974க்கு முன் ஐல் ஆஃப் ஆக்ஸ்ஹோம் ரூரல் டிஸ்ட்ரிக்ட், 1974 முதல் ஹம்பர்சைடின் பூத்ஃபெரி மாவட்டம், 1996 முதல் நார்த் லிங்கன்ஷயர்.