சன்ஸ்கிரீன் உருண்டு வருகிறதா?

சீரம், கிரீம், சன்ஸ்கிரீன் எல்லாம் பூசி முடித்துக் கழுத்தைத் தடவினால் அழிறப்பர் தூள் மாதிரி வெள்ளையாக உருண்டு விழும் பாருங்கள், அந்தக் கடுப்பு எனக்கு நல்லாத் தெரியும். அதுவும் கறுப்புச் சட்டை போட்ட நாளில். இரண்டு பிராண்ட் மாற்றிப் பார்த்துக் காசுதான் போனது. கீழே பூசியது காயும் முன்பே மேலே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் முகம் கழுவுவது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவதால் சவர்க்காரம் லேசில் நுரைக்காது, அலசிய பிறகும் மெல்லிய படிவு தோலில் நிற்கும். கட்டிச் சவர்க்காரத்தை விட்டுவிட்டு மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டு நன்றாக அலசி, துவாயால் ஒற்றி எடுங்கள்.

அப்புறம் தண்ணியானது முதலில், தடித்தது பிறகு. சீரம் இரண்டு மூன்று துளி போதும். விரல் வைத்தால் ஒட்டக்கூடாது, அதுவரை பொறுங்கள், அந்த நேரத்தில் தேத்தண்ணி குடிக்கலாம். எண்ணெய் வழிகிற முகம் என்றால் எங்கள் புழுக்கத்துக்குப் பகலில் மொய்ஸ்சரைசரே தேவையில்லை, பல சன்ஸ்கிரீன்கள் அந்த வேலையையும் செய்துவிடும். தேங்காய் எண்ணெய் பூசுகிற பழக்கம் இருந்தால் அதை இரவுக்கு வையுங்கள்.

உருள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஜெல்லைக் கெட்டியாக்கும் பொருட்களும் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்களும்தான். அவை தோலில் மெல்லிய படலமாகப் படியும். அது நிலைக்கும் முன் தேய்த்தால் கிழிந்து சுருண்டுவிடும். உங்கள் கிரீமும் சன்ஸ்கிரீனும் ஒத்துப்போகுமா என்று அறியப் புறங்கையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஐந்து நிமிடம் விட்டு விரலால் உரசுங்கள். உருண்டால் அந்தச் சோடி சரிவராது.

உருள்கிறதே என்று அளவைக் குறைக்காதீர்கள், எல்லோரும் விடுகிற பிழை அதுதான். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று போத்தலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் அளவை, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் கணிக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஏறத்தாழ இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. ஒரேயடியாக அப்பாமல் ஒரு விரலளவைப் புள்ளி புள்ளியாக வைத்து அழுத்திப் பரப்பி, ஒரு நிமிடம் கழித்து மற்றதை வையுங்கள். கிரீமோடு கலந்து பூசுவது வேண்டாம், பாதுகாப்பு குறையும். பவுடரோ மேக்கப்போ இதற்கு மேலேதான். வெளியே இறங்க 15 நிமிடம் முன்பே பூசி முடித்தால் நல்லது. சிங்க் ஒக்சைட் உள்ளவை எங்கள் நிறத்துக்குச் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும்; நிறம் சேர்த்ததைப் பாருங்கள்.

வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். வியர்வையைத் துடைக்காமல் லேஞ்சியால் ஒற்றிவிட்டுத் தட்டித் தட்டிப் பூசுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு மேலுடம்பில் ஒன்றுமில்லாமல் நிற்கிற அண்ணாமார், தோளுக்கும் முதுகுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதுகுக்கு யாரையாவது கூப்பிடுங்கள்.