பொட்டு வைக்கும்போதே தொடங்கும் தப்பு

கறுப்பு ஸ்கெட்ச் பேனா மை தாளில் ஏறி, நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பிரிவதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். இப்படிக் கலவையைத் தாளில் பிரிக்கும் தாள் குரோமட்டோகிராபி கெட்டுப்போவது அந்த அவசரத்தில்தான்.

தாளின் செல்லுலோஸ் இழைகள் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஏறுகிற கரைப்பான் பொருளை மேலே இழுக்கும், அந்த நீர் பிடித்து நிறுத்தும். எதில் அதிகம் கரைகிறதோ அதற்கேற்பப் பொருள் முந்தும், பிந்தும்.

சோதிக்கும் பொருளைப் பொட்டாக வைக்கிற அடிக்கோட்டைப் பென்சிலால் போடுங்கள். பால்பாயிண்டில் போட்டால் கோடும் சேர்ந்து ஏறும். கோடு 2 செ.மீ. உயரத்தில் என்றால் கரைப்பான் 1 செ.மீ. போதும். பொட்டு அதில் முங்கிவிட்டால் சாயம் பீக்கருக்குள்ளேயே கரைந்துவிடும். பொட்டும் 2, 3 மி.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். அடர்த்தி வேண்டுமா, காயவிட்டு அதன்மேலேயே மறுபடி வையுங்கள். பீக்கரை மூடுங்கள், தாளின் ஓரம் கண்ணாடியில் ஒட்டக் கூடாது.

1944-ல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் இம்முறையை வெளியிட்டபோது பிரித்துக் காட்டியது அமினோ அமிலங்களை. அவற்றுக்கு நிறமில்லை. நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால்தான் ஊதாவாகத் தெரியும். விரல் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டே! என் முதல் தாளில் பளிச்சென்று தெரிந்தது என் கட்டைவிரல் ரேகைதான். தாளை ஓரத்தில் மட்டும், கையுறையோடு பிடியுங்கள்.

அடுத்தது ஸ்கேல். கரைப்பான் 8 செ.மீ., பொட்டின் நடுப்பகுதி 5.2 செ.மீ. ஏறியிருந்தால் ஆர்எஃப் மதிப்பு, அதாவது பொட்டு ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது, 0.65. இரண்டையும் அடிக்கோட்டிலிருந்து அளக்காமல் தாளின் விளிம்பிலிருந்து அளந்தால் 7.2-ஐ 10-ஆல் வகுப்பீர்கள், 0.72 வரும். கரைப்பான் எட்டிய இடத்தைத் தாளை எடுத்த கையோடு குறிக்க வேண்டும். காய்ந்தபின் அது கண்ணுக்குத் தெரியாது. 7.4 என்று குத்துமதிப்பாக எழுதினால் 0.70 ஆகிவிடும்.

இந்த எண் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று சொல்லாது. அதற்குப் பொட்டை வெட்டி, கரைத்தெடுத்து, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் பார்க்க வேண்டும்.

வெப்பநிலையோ தாளோ மாறினாலும் ஆர்எஃப் மாறும். அதனால் புத்தக எண்ணை மட்டும் நம்பி 'இது லியூசின் என்ற அமினோ அமிலம்' என்று எழுதிவிடாதீர்கள். அதே தாளில் பக்கத்திலேயே தெரிந்த லியூசினையும் ஓடவிடுங்கள். பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் கலந்த கரைப்பானில் ஐசோலியூசினும் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு வரும், அதையும் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.