பெயர் சொல்லும் நம்பர் பிளேட்: பிரிட்டனில் வாங்குவதும் இழக்காமல் வைத்திருப்பதும்

கிழக்கு லண்டனில் கார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட்டும் அடித்துக் கொடுக்கிறோம். கலியாணம், முதல் பிள்ளை, அறுபதாவது பிறந்தநாள் என்று ஒரு சந்தோஷத்தோடு எங்கட சனம் வந்து, "அண்ணை, பெயர் வாற மாதிரி ஒரு நம்பர் எடுக்கோணும், எப்படி?" என்று கேட்பார்கள். நம்பரை விற்பது நான் இல்லை, சுவான்சியில் இருக்கும் டிவிஎல்ஏ என்ற, வாகனங்களைப் பதியும் அரசு அலுவலகம். ஆனாலும் வாங்குவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதை எல்லோருக்கும் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்புவேன். நம்பரை வாங்குவது சுலபம். கைவிட்டுப் போகாமல் வைத்திருப்பதில்தான் கவனம் தேவை.

முதலில் உங்கள் கார் எப்போது பதிவானது என்று லாக் புக்கில், அதாவது வி5சி தாளில், பாருங்கள். காரை அதன் வயதைவிடப் புதிதாகக் காட்டும் நம்பரைப் பூட்ட விடமாட்டார்கள். பழையதாகக் காட்டினால் பிரச்சினை இல்லை. 2001 செப்டம்பர் முதல் வந்த நம்பர்களில் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து இருக்கும். அந்த இரண்டு இலக்கமும்தான் வயது. மார்ச்சில் தொடங்கும் அரையாண்டுக்கு அந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். செப்டம்பரில் தொடங்குவதற்கு அதோடு 50 கூட்டிக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சுக்கு 20, அதே ஆண்டு செப்டம்பருக்கு 70. 2015இல் பதிவான காரில் 20 போட முடியாது. 12 போடலாம், 51 போடலாம். 12 நெருங்கி நின்றால் ஆங்கில ஆர் போலத் தெரியும். 51 எஸ்ஐ போலத் தெரியும். கேஏ51 என்று தொடங்கும் நம்பரில் காசி வந்துவிடுகிறார்.

என்னைக் கேட்டால் தமிழ்ப் பெயருக்கு அதைவிட நல்லது 1983 முதல் 2001 வரை வந்த பழைய வகை: முதலில் ஒரு எழுத்து, பிறகு ஒன்று முதல் மூன்று இலக்கம், கடைசியில் மூன்று எழுத்து. எஸ்1 என்று தொடங்கினால் சிவாவோ சிந்துவோ வரும். 4ஐ ஆங்கில ஏ என்று படித்தால் கே4 என்பது கா, ஆர்4 என்பது ரா. எஸ் என்பது 1998 ஆகஸ்டில் தொடங்கிய எழுத்து. ஆகவே இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் இந்த வகையில் முதல் எழுத்தாக ஐ, ஓ, க்யூ, யூ, இசட் வராது. உமாவும் இளங்கோவும் முதலெழுத்தை இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசி மூன்று எழுத்திலும் ஐ கிடையாது, அந்த ஒலிக்கு 1 என்ற இலக்கம்தான் துணை. ஐ கட்டாயம் வேண்டுமென்றால் வட அயர்லாந்து நம்பர்களைப் பாருங்கள். அவற்றில் ஐ அல்லது இசட் இருக்கும், வயது காட்டாது, எந்தக் காருக்கும் போடலாம்.

விலை பற்றி. டிவிஎல்ஏ தளத்தில் நிலையான விலை நம்பர்கள் 250 பவுணில் தொடங்கும், வாட் வரியும் 80 பவுண் பதிவுக் கட்டணமும் அதற்குள்ளேயே அடக்கம். ஏலத்தில் அப்படி இல்லை. 2014இல் '25 ஓ' என்ற நம்பர் ஏலத்தில் 400,000 பவுணுக்குப் போனது. வாங்கியவர் கட்டியதோ 518,480 பவுண். 8 வீதக் கமிஷன், அதற்கு மேல் 20 வீத வாட், கடைசியில் அந்த 80. சிறிய தொகைக்கும் கணக்கு இதே மாதிரித்தான் ஏறும். ஆகவே கை தூக்குவதற்கு முன் எல்லாம் கூட்டிய தொகையை எழுதி வைத்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். இடைத்தரகர்களிடம் வாங்கினால் வாட்டும் 80 பவுணும் சேர்ந்த விலையா என்று முதலிலேயே கேளுங்கள்.

வாங்கியதும் உங்களுக்கு வருவது வி750 என்ற சான்றிதழ். அந்த நம்பரைப் பயன்படுத்தும் உரிமைக்கு 10 ஆண்டு ஆயுள். காருக்குப் போடாமல் வைத்திருந்தால் காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் காசு இல்லை. தவறவிட்டால் உரிமை போய்விடும். இதைப் படிக்கும்போதே தொலைபேசியில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

காருக்கு மாற்றுவது இணையத்தில் காலை 7 முதல் மாலை 7 வரை நடக்கும். சமர்ப்பித்த உடனே நம்பர் மாறிவிடும், பழைய பிளேட்டோடு அதற்குப் பிறகு ஓட்டக் கூடாது. அதனால் முதலில் பிளேட்டை அடித்து வீட்டில் வைத்துக்கொண்டு, பிறகு கணினி முன் உட்காருங்கள். மாற்றிய கையோடு இன்சூரன்ஸுக்கு அழையுங்கள். பிறகு லண்டனில் புகை கூடிய வாகனங்களுக்கு அறவிடும் யூலெஸ் தானியங்கிக் கட்டணக் கணக்கு, டார்ட்ஃபோர்ட் பாலக் கணக்கு, கவுன்சில் பார்க்கிங் அனுமதி. புதிய நம்பரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கமெரா உங்களைக் கட்டணம் கட்டாதவராகத்தான் பிடிக்கும். சாலை வரி நம்பரால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இனிச் சொல்வது மிக முக்கியம். நம்பர் ஒரு காருக்கு ஏறியதும் அதன் உரிமை அந்தக் காரின் பதிவுப் பொறுப்பாளருக்கு, அதாவது வி5சி தாளில் பெயர் உள்ளவருக்கு, போய்விடும். காசு கொடுத்தவர் யார் என்பது பொருட்டில்லை. அப்பா வாங்கி மகனின் காரில் போட்டால் அது மகனுடையது. விருப்பத்தோடு கொடுத்தால் சரி, ஆனால் தெரிந்து கொடுங்கள். லீஸ் கார் என்றால் பொறுப்பாளர் பெரும்பாலும் லீஸ் கம்பனிதான். எழுத்தில் சம்மதம் வாங்காமல் அதில் போட வேண்டாம்.

காரை விற்கவோ உடைக்கவோ கொடுக்குமுன் நம்பரைக் கழற்றுங்கள். இணையத்தில் 80 பவுண், அல்லது வி317 படிவத்தை அஞ்சலில் அனுப்பலாம். காருக்குப் பழைய நம்பர் திரும்பும், உங்கள் நம்பர் வி778 என்ற தாளில் 10 ஆண்டுக்குப் பத்திரமாக இருக்கும், அடுத்த காரில் போடக் கட்டணம் இல்லை. பழைய நம்பர் திரும்பிவிட்டது என்ற உறுதி டிவிஎல்ஏயிடமிருந்து வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். நம்பரோடு விற்றால் நம்பரும் வாங்கியவருக்கே. ஒருவர் இறந்த பிறகு குடும்பம் அவசரத்தில் காரைக் கழிவுக்குக் கொடுத்துவிட்டு, அவர் ஆசையாய் வைத்திருந்த நம்பரைத் தேடி என்னிடம் வரும்போது எனக்கு மனம் தாங்காது. வி317 படிவத்தோடு மரணச் சான்றிதழ் போன்ற ஆவணங்களும் கடிதமும் அனுப்பி அதைக் குடும்பமே காப்பாற்றியிருக்கலாம்.

பிளேட் அடிக்க வரும்போது எழுத்துகளைத் தள்ளி வைக்கவோ ஆணியால் வடிவம் மாற்றவோ என்னைக் கேட்காதீர்கள். எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர், எழுத்துகளுக்கு நடுவே 11, இரு தொகுதிகளுக்கு நடுவே 33. மாற்றினால் 1,000 பவுண் வரை அபராதம், காரின் தகுதியைப் பார்க்கும் எம்ஓடி சோதனையிலும் தேறாது, நம்பரையே டிவிஎல்ஏ திரும்ப எடுக்கலாம். பிளேட்டில் வேல், பிள்ளையார் படமும் போட முடியாது. முப்பரிமாண எழுத்து போடலாம், ஆனால் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் புதிய பிளேட்டில் சாம்பல் நிழலுக்கு இடமில்லை. உங்கள் பெயரும் முகவரியும் உள்ள ஓட்டுநர் உரிமம் போன்ற ஒரு ஆவணம், அதோடு வி5சி, வி750, வி778 போன்றவற்றில் ஏதாவது ஒன்று, இவை இல்லாமல் எந்தப் பதிவு பெற்ற கடையும் பிளேட் கொடுக்கக் கூடாது. அந்த விவரங்களை எழுதி 3 ஆண்டு வைத்திருப்பது எங்களுக்குச் சட்டக் கடமை.