ஜாம் பேண்ட் கச்சேரியைப் பதிவு செய்து பகிர்வது எப்படி? புதிய டேப்பர்களுக்கான செய்முறை

கிரேட்ஃபுல் டெட், பிஷ், வைட்ஸ்ப்ரெட் பேனிக், அம்ஃப்ரீஸ் மெக்கீ, கூஸ் என்று அமெரிக்க ஜாம் பேண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. ஒரு பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்கள். நேற்று ஆறு நிமிடத்தில் முடிந்தது இன்று இருபத்தைந்து நிமிடம் ஓடும். இப்படி மேடையிலேயே கற்பனையில் நீட்டி வாசிப்பதுதான் ஜாம். நாகஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ராகம் அதேதான், ஆனால் ஒவ்வொரு இரவும் வேறு கச்சேரி. அதனால்தான் ரசிகர்கள் ஒவ்வொரு இரவையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இவர்களைத்தான் டேப்பர்கள் என்பார்கள். கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரில் இவர்களுக்கென்றே சவுண்ட்போர்டுக்கு (அரங்கின் ஒலியைக் கலந்து கட்டுப்படுத்தும் மேசை) பின்னால் ஒரு பகுதியை ஒதுக்கி, தனி டிக்கெட்டும் விற்றது. இன்றைய டேப்பர் செக்‌ஷன்கள் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி சற்றுக் குறைவாக வந்திருந்தால் வீட்டில் ஏற்றலாம். பாஸ் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் அதிகமென்றால் குறைக்கலாம். ட்ராக் தப்பாக வெட்டியிருந்தால் மறுபடி வெட்டலாம். மைக் நின்ற இடம், விட்டுப்போன நிமிடங்கள், உச்சத்தில் தலை வெட்டுப்பட்ட ஒலியலை, இவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கவனம் முழுவதும் இங்கே போகட்டும்.

1. அனுமதி

பேண்டின் இணையதளத்தில் டேப்பிங் பாலிசி என்ற பக்கம் இருக்கும். அதில் நான்கு விஷயம் பாருங்கள்: பதிவு செய்யலாமா, டேப்பர் டிக்கெட் தனியாக வாங்கவேண்டுமா, ஸ்டாண்டுக்கு உயர வரம்பு உண்டா, எங்கே பகிரலாம். கடைசிக் கேள்வியைப் பலர் பார்ப்பதில்லை. பிஷ் பதிவு செய்ய அனுமதிக்கிறது, ஆனால் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவின் லைவ் மியூசிக் ஆர்கைவ் என்னும் கச்சேரித் தொகுப்பில் பிஷ் தொகுப்பு கிடையாது. பதிவுக்கான அனுமதி வேறு, அங்கே ஏற்றுவதற்கான அனுமதி வேறு. விற்கக்கூடாது என்பது மட்டும் எல்லா பேண்டுக்கும் பொது விதி. ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது.

பேண்ட் அனுமதித்தாலும் வாசலில் நிற்கும் பாதுகாவலருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாலிசிப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். கூட்டம் நிரம்பிய பிறகு ஸ்டாண்டை விரிக்க முடியாது.

2. கருவிகள்

ஒரே ரகத்தில் இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) கண்டன்சர் மைக், ஒரு ரெக்கார்டர், ஸ்டாண்டு, மைக்குகளைத் தாங்கும் குறுக்குப் பட்டை, மைக்கை இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள் இரண்டு, காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் உறையான விண்ட்ஸ்கிரீன். இவ்வளவுதான். டேப்பர் செக்‌ஷனில் ஷாப்ஸ், நாய்மன் என்ற விலையுயர்ந்த மைக்குகளின் பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆக்டவா எம்கே-012 போன்ற எளிய ஜோடியை நல்ல இடத்தில் நிறுத்தினால், மோசமான இடத்தில் நிற்கும் விலையுயர்ந்த ஜோடியை அது எளிதில் தோற்கடிக்கும்.

ரெக்கார்டரில் 48 வோல்ட் ஃபான்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம், கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் கண்டன்சர் மைக் வேலை செய்யாது. புதிதாக வாங்குவதென்றால் ஜூம் எஃப்3 போல 32 பிட் ஃப்ளோட்டில் (மிக மெல்லிய ஒலி முதல் மிக உரத்த ஒலிவரை பிடிக்கும் வடிவம்) பதியும் கருவியைப் பரிந்துரைப்போம். அதில் கெயின், அதாவது ஒலியை ஏற்றும் அளவு, வைக்கவே வேண்டாம், க்ளிப் ஆகும் (ஒலியலையின் தலை வெட்டுப்படும்) பயம் பெருமளவு போய்விடும். பெருமளவுதான், முழுக்க அல்ல: மைக் தாங்கும் ஒலி அளவைத் தாண்டினால் மைக்குக்குள்ளேயே சத்தம் உடையும், அதை ரெக்கார்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபான்டம் பவர் பேட்டரியைத் தின்னும். பெட்டியில் எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் அது ஃபான்டம் இல்லாத கணக்காக இருக்கலாம். யுஎஸ்பி பவர் பேங்க் இணையுங்கள். முன்தினம் வீட்டில் நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். சில பவர் பேங்குகள் மின்சாரம் குறைவாக இழுக்கப்பட்டால் தானாக அணைந்துவிடும். அது கச்சேரிக்கு நடுவில் தெரியவரக்கூடாது.

3. மைக் வைக்கும் முறை

இதில் நேரம் செலவழியுங்கள். மேடையின் நடுக்கோட்டில் நில்லுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஓங்கி, ஸ்டீரியோ சாய்ந்துவிடும். பால்கனிக்கு அடியில் நிற்பதைத் தவிருங்கள். அங்கே பாஸ் குழம்பிக் கூரையில் முட்டி உருளும். உயரம் எட்டு முதல் பத்து அடி, அல்லது அரங்கம் விடும் அளவு. முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேல் மைக் போனால் பேச்சுச் சத்தம் நன்றாகவே குறையும்.

இரண்டு மைக்குக்கும் இடையே உள்ள தூரமும் கோணமும்தான் ஸ்டீரியோவைத் தீர்மானிக்கின்றன. பழகிப்போன அமைப்புகள் மூன்று: ஓஆர்டிஎஃப் என்றால் 17 சென்டிமீட்டர், 110 டிகிரி, டின் என்றால் 20 சென்டிமீட்டர், 90 டிகிரி, என்ஓஎஸ் என்றால் 30 சென்டிமீட்டர், 90 டிகிரி. தூரத்தை அளப்பது மைக்கின் முன்முனையிலிருந்து முன்முனைக்கு, வால்பக்கத்தில் அல்ல. வீட்டிலேயே ஸ்கேலும் கோணமானியும் வைத்து அளந்து, பட்டையில் வெள்ளை டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். இருட்டில் அளக்க முடியாது.

எதை எப்போது? சவுண்ட்போர்டுக்கு முன்னால் அல்லது அதை ஒட்டி, ஒலி நேரடியாக வரும் இடம் கிடைத்தால் ஓஆர்டிஎஃப் அல்லது டின். வெகுதூரம் பின்னால் தள்ளிவிட்டால் மைக்குகளை இரு ஸ்பீக்கர் அடுக்குகளையும் நேராகப் பார்க்கும்படி குறுக்குங்கள். 30 மீட்டர் பின்னால், 15 மீட்டர் இடைவெளியில் ஸ்பீக்கர்கள் தொங்கினால், இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் 28 டிகிரிதான். 110 டிகிரியில் விரித்த மைக் அங்கே ஸ்பீக்கரைவிட்டுப் பக்கச்சுவரைத்தான் அதிகம் கேட்கும். ஒன்றை மறக்கவேண்டாம்: கோணம் குறையும்போது மைக்குகளுக்கு இடையே தூரத்தைக் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையே கேட்டு, பதிவு கிட்டத்தட்ட மோனோவாகிவிடும்.

கேபிளை ஸ்டாண்டோடு இரண்டு மூன்று இடத்தில் வெல்க்ரோவால் கட்டுங்கள். தொங்கும் கேபிள் ஆடினால் அந்தத் தட்டல் ஸ்டாண்டு வழியாக மைக்குக்கு ஏறும். திறந்தவெளியென்றால் ரோமப்போர்வை போட்ட விண்ட்ஸ்கிரீன் வேண்டும். மெல்லிய ஸ்பாஞ்ச் உறை காற்றடிக்கும் இரவில் போதாது.

4. லெவல்

பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஸ்டீரியோவில் கோப்பு மணிக்கு ஒரு ஜிபியைச் சற்றுத் தாண்டும். 32 பிட் ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி. ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை முதல் வேலையாக அணையுங்கள். புதியவர்களின் பதிவுகள் கெடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அமைதியான இடத்தில் ரசிகர் பேச்சைத் தூக்கிக் காட்டும், டிரம் விழுந்ததும் எல்லாவற்றையும் அமுக்கும், ஒலி மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். உச்சத்தைத் தானாக அமுக்கும் லிமிட்டரும் வேண்டாம்.

24 பிட்டில் பதிபவர்கள் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் (பூஜ்யம்தான் எல்லை) அருகே நிற்கும்படி கெயின் வையுங்கள். முதல் பாட்டில் மைனஸ் 6 வரை போனால் விட்டுவிடலாம், அதற்கு மேலென்றால் குறைத்துவிடுங்கள். இடைவேளைக்குப் பிந்தைய பகுதியான இரண்டாவது செட்டில் சத்தம் கூடுவது வழக்கம், இடம் மிச்சம் வைப்பது நல்லது. குறைவாகப் பதிந்தால் 24 பிட்டில் இழப்பு ஒன்றும் பெரிதாக இல்லை.

இடது வலது மாறவில்லையே என்று பார்க்க, இடது மைக்கின் விண்ட்ஸ்கிரீனை விரலால் மெல்லத் தேயுங்கள். மீட்டரில் இடது பட்டை துள்ளவேண்டும். விளக்கு அணைவதற்குப் பத்து நிமிடம் முன்பே ரெக்கார்டை அழுத்தி, பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டு சுவிட்சைப் போட்டுவிடுங்கள். இடைவேளையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மறுபடி அழுத்த மறந்து இரண்டாம் செட்டின் தொடக்கம் போகும். மைக்குக்குக் கீழே கைதட்டாதீர்கள், விசிலடிக்காதீர்கள். பக்கத்தில் பேசுபவர்களைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ளலாம், சண்டை போட்டால் அதுவும் பதிவாகும்.

சவுண்ட்போர்டிலிருந்து பேட்ச், அதாவது நேரடி ஒலி இணைப்பு, கிடைத்தால் அதிர்ஷ்டம். அதையும் மைக் பதிவையும் கலப்பதை மேட்ரிக்ஸ் என்பார்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிவினாடி ஆகும். 30 மீட்டர் தள்ளியுள்ள மைக் கிட்டத்தட்ட 90 மில்லிவினாடி பிந்தும். அந்த அளவு போர்டு ட்ராக்கைத் தள்ளிவைக்காவிட்டால் ஒவ்வொரு டிரம் அடியும் இரண்டாகக் கேட்கும். இரண்டு தனி ரெக்கார்டரில் பதிந்திருந்தால் அவற்றின் கடிகாரங்களும் மெல்ல விலகும். முதல் பதிவில் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. வீட்டில்

கார்டிலிருந்து நகலெடுத்து இரண்டு டிரைவில் வைத்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். ரெக்கார்டர் பெரிய கோப்பை 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக உடைத்திருக்கும். ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் வரிசை மாறாமல், இடைவெளி விடாமல் ஒட்டுங்கள்.

பிறகு செய்யவேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் ஒருவர் தட்டிய கைத்தட்டு உச்சத்தைத் தூக்கியிருந்தால் அந்த ஒரு தட்டலை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறையுங்கள். பிறகு முழுப் பதிவையும் உச்சம் மைனஸ் 1 டெசிபெல் வரும்வரை ஏற்றுங்கள். உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் வேண்டாம். ஜாமின் உயிரே மெல்லத் தொடங்கி மேலே ஏறுவதில்தான் இருக்கிறது, அதைத் தட்டையாக்க நமக்கு உரிமையில்லை. இக்வலைசர் வேண்டுமானால் இரண்டு மூன்று டெசிபெல்லுக்குள் நிறுத்துங்கள்.

சிடி தரப் பிரதி வேண்டுமென்றால் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, டிதர் (பிட் குறையும்போது வரும் கரகரப்பை மறைக்கும் மிக மெல்லிய இரைச்சல்) போட்டு 16 பிட்டாக்குங்கள். ட்ராக் வெட்டுவது இதற்குப் பிறகே. சிடியில் ஒலி செக்டர் என்னும் துண்டுகளாக இருக்கும், ஒரு செக்டர் 588 மாதிரிகள் (ஒலி அளவீடுகள்). வெட்டு அதன் எல்லையில் விழாவிட்டால் கடைசி செக்டர் வெறுமையால் நிரப்பப்பட்டு, பாட்டும் பாட்டும் சேரும் இடத்தில் டிக் என்று ஒரு சத்தம் வரும். ஜாம் பேண்டில் பாட்டுகள் நிற்காமல் ஒன்றோடொன்று கலப்பதால் இது உடனே காதில் விழும். ஆடாசிட்டியில் தேர்வு அளவை சிடி ஃபிரேமுக்கு (அங்கே செக்டருக்கு இதுதான் பெயர்) மாற்றி ஸ்னாப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கைதட்டல் முந்தைய பாட்டோடு போகட்டும், புதிய ட்ராக் முதல் ஸ்வரத்துக்கு ஓரிரு வினாடி முன்னால் தொடங்கட்டும்.

6. ஃபிளாக், பெயர், குறிப்பு

ஒலித் தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில், 8-ஆம் நிலையில் சுருக்குங்கள். நிலை கூடினால் கோப்பு சிறியதாகும், தரம் குறையாது. எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றி ஏற்றுவது இந்த வட்டாரத்தில் மன்னிக்கப்படாத செயல். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் 16 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருக்கும், உடனே பிடித்துவிடுவார்கள்.

கோப்புறைப் பெயர்: பேண்டின் சுருக்கம், பிறகு ஆண்டு-மாதம்-தேதி, பிறகு மைக் பெயர். 1977-05-08 என்று ஆண்டை முதலில் எழுதினால் எல்லாக் கச்சேரியும் தானாகக் கால வரிசையில் நிற்கும். உள்ளே ஒரு டெக்ஸ்ட் கோப்பு கட்டாயம். அதில் பேண்ட், தேதி, அரங்கம், ஊர். மைக்கிலிருந்து கணினிவரை ஒலி கடந்த ஒவ்வொரு கருவியும் வரிசையாக. மைக் அமைப்பு, நின்ற இடம், உயரம். செட்லிஸ்ட் (வாசித்த பாட்டுகளின் வரிசை), கலந்து போகும் பாட்டுகளுக்கு நடுவே அம்புக்குறி. குறைகளையும் எழுதுங்கள்: மூன்றாவது ட்ராக்கில் கேபிள் சத்தம், என்கோரில் (முடிந்தபின் மறுபடி வந்து வாசிக்கும் பாட்டு) ஒரு நிமிடம் இல்லை, இப்படி. மறைத்தால் கேட்பவர் தன் கோப்புதான் கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்குவார்.

கோப்பு மாறாமல் வந்து சேர்ந்ததா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்கள் இரண்டு வகை. ஃபிளாக் கைரேகை ஒலியை மட்டும் பார்க்கும். எம்டி5 கோப்பு முழுவதையும் பார்க்கும். கோப்புக்குள் பாட்டின் பெயரைச் சொல்லும் டேகை மாற்றினால் கைரேகை மாறாது, எம்டி5 மாறிவிடும். ஆகவே டேக் வேலையை முடித்துவிட்டுத்தான் எம்டி5 எடுக்கவேண்டும். விண்டோஸில் ட்ரேடர்ஸ் லிட்டில் ஹெல்பர் இரண்டையும் செய்யும், செக்டர் எல்லைப் பிழையையும் காட்டும்.

7. பகிர்வு

கேசட் காலத்தில் வெற்று கேசட்டும் தபால்தலையும் அனுப்பினால் நகலெடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறும். 1998-இல் தொடங்கிய ஈட்ரீ குழு இழப்பில்லாத கோப்புகளை வழக்கமாக்கியது. 2002-இல் அவர்களோடு சேர்ந்து இன்டர்நெட் ஆர்கைவ் லைவ் மியூசிக் ஆர்கைவைத் தொடங்கியது. உங்கள் பேண்டுக்கு அங்கே தொகுப்பு இருந்தால் ஃபிளாக், டெக்ஸ்ட், சரிபார்ப்புக் கோப்புகளைச் சேர்த்து ஏற்றுங்கள். எம்பி3 பிரதியைத் தளமே தயாரித்துக்கொள்ளும். அதே இரவின் வேறு பதிவு ஏற்கெனவே இருந்தாலும் பரவாயில்லை, வேறு மைக், வேறு இடம் என்றால் அதுவும் தேவைதான்.

பேண்ட் மனம் மாறினால் அதன்படி நடக்கவேண்டும். 2005 நவம்பரில் கிரேட்ஃபுல் டெட்டின் பதிவிறக்கங்கள் ஆர்கைவில் நிறுத்தப்பட்டன. எதிர்ப்புக்குப் பிறகு ரசிகர்கள் மைக்கில் பிடித்தவை திரும்ப வந்தன, சவுண்ட்போர்டுப் பதிவுகளைக் கேட்க மட்டும் முடிந்தது.

கணினிக்குக் கணினி நேரடியாக அனுப்பும் டாரண்டில் பகிர்ந்தால் குறைந்தது ஐந்தாறு பேர் முழுவதும் இறக்கும்வரை கணினியை அணைக்காதீர்கள். பாட்டின் பெயர் தவறு என்று யாராவது சொன்னால் டெக்ஸ்ட் கோப்பை மட்டும் திருத்துங்கள். ஒலியைத் தொட்டால் புதிய பதிப்பு என்று பெயரிலேயே குறித்து, புதிய சரிபார்ப்பு எண்களோடு மறுபடி ஏற்றவேண்டும்.